ஐபிஎல் சீசனில் லோக்கல் மேட்சுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி?

சேலத்தில் டீம் நடத்துகிறவர்களுக்கு முதல் வேலை காலண்டர் பார்ப்பது. ஐபிஎல் ராத்திரி ஆட்டம் 7.30-க்கு, இரண்டு ஆட்டம் இருக்கும் நாளில் முதலாவது 3.30-க்கு; அந்த நேரத்தில், அதுவும் சென்னை ஆடும் நாளில் ஃபைனல் வைத்தால் ஸ்கோர் எழுதுபவர்கூட போனைத்தான் பார்ப்பார். ஞாயிறு காலை 7 மணிக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம், தோனியோடு மல்லுக்கட்டாதீர்கள். அமெரிக்காவில் செயின்ட் பால் செயின்ட்ஸ் என்று ஒரு சின்ன பேஸ்பால் டீம், பக்கத்து ஊரிலேயே மின்னசோட்டா ட்வின்ஸ் என்ற பெரிய டீம் இருந்தும் கூட்டம் சேர்க்கிறது. அங்கே நடுவருக்குப் பந்து கொண்டுபோவது ஒரு பன்றிக்குட்டி! நமக்கு அதெல்லாம் வேண்டாம், மைதான ஓரத்தில் ஒரு தட்டுவடை செட் கடையும், ஆடுகிறவனின் தெருவையும் பட்டப்பெயரையும் மைக்கில் சொல்லிக் கலாய்க்கத் தெரிந்த ஒரு ஆளும் போதும். என்னைக் கேட்டால் பரிசுத்தொகையைக் குறைத்தாவது நல்ல மைக்காரரைப் பிடிப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் சிக்ஸர் அடிப்பதை டிவியில் பார்க்க முடியாது இல்லையா?

இந்திய அணிக்கு ஆடிய பந்துவீச்சாளர் நடராஜனும் நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி மேலே போனவர்தான். நோட்டீஸில் அதைச் சொல்லுங்கள், கேட்காமல் அவர் படத்தைப் போடாதீர்கள்.

டிக்கெட் வேண்டாம், செலவுக்குக் கடைக்காரர்களிடம் விளம்பரம் கேளுங்கள். வாழப்பாடிப் பக்கம் மேட்ச் என்றால் பஸ் நேரத்தையும் நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.