ஜாயின்டரில் பலகை முட்டினால் தள்ளாதீர்கள்

பெங்களூரு மைசூரு சாலை மரவாடியில் வாங்கிய சில்வர் ஓக் பலகைகள் ஒரே மழைக்காலத்தில் முறம் போலக் குழிந்துவிட்டன. அதற்காகத்தான் அல்சூர் வீட்டின் கார் ஷெட்டில் ஆறு அங்குல அகல ஜாயின்டர் ஒன்றை, அதாவது பலகையின் முகத்தைத் தட்டையாக இழைக்கும் இயந்திரத்தை, பழையதாக வாங்கிப் போட்டேன். மரவாடிக்காரர்கள் இதை சர்ஃபேஸ் பிளேனர் என்பார்கள். மரத்தை ஊட்டும் பக்கத்தை முன்மேசை என்றும், இழைத்த மரம் வந்து உட்காரும் பக்கத்தைப் பின்மேசை என்றும், இரண்டுக்கும் நடுவே கத்திகளோடு சுழலும் உருளையை வெட்டுருளை என்றும் சொல்கிறேன்.

கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். கையுறை மட்டும் கூடாது. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பழைய வீடு இடித்த மரமானால் முதலில் காந்தத்தால் தடவி ஆணி தேடுங்கள்.

அடுத்தது பின்மேசை. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கத்திகளைச் சாணை பிடித்து நானே திரும்ப மாட்டியிருந்தேன், உயரம் பார்க்கவில்லை. முதல் பலகையின் தலை வெட்டுருளையைத் தாண்டியதும் பின்மேசையின் விளிம்பில் 'டக்' என்று முட்டி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பலகை சட்டென்று ஏறிப் பாய்ந்தது. என் கையும் அதன் பின்னாலேயே போனது. சுருள்வில் காப்பு மூடி வந்து கத்தியை மறைத்துக்கொண்டதால், பலகையைப் பக்கவாட்டில் அணைத்து ஓட்டும் வேலித்தட்டில் இடித்துச் சுண்டுவிரல் நகம் கறுத்ததோடு தப்பினேன். அந்த மூடியைத்தான் பலர் இடைஞ்சல் என்று கழற்றி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

பின்மேசை, கத்தி முனை எட்டும் உச்ச உயரத்தில் இருக்க வேண்டும். சோதிப்பது எளிது. மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். நேரான மரச்சட்டம் ஒன்றைப் பின்மேசையில் படுக்கவைத்து, வெட்டுருளைக்கு மேல் நீட்டுங்கள். வெட்டும் திசைக்கு எதிராக, கப்பியைப் பிடித்து உருளையைச் சுற்றுங்கள். கத்தி சட்டத்தைத் தொட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினால் சரி. நகரவே இல்லையா, கத்தி தாழ்ந்திருக்கிறது, பலகை முட்டும். அதற்கு மேல் நகர்ந்தால் கத்தி உயர்ந்திருக்கிறது. பலகையின் வால்முனையில் பள்ளம் விழும். ஒவ்வொரு கத்தியின் இரு ஓரத்திலும் இதைப் பாருங்கள். எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் பிடித்தது.

வேலித்தட்டை மூலைமட்டம் வைத்து 90 டிகிரிக்கு நிறுத்துங்கள். வெட்டு ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். கணு நிறைந்த மரத்துக்கு அரை. குழிந்த பக்கம் கீழே வரட்டும், அப்போதுதான் பலகை ஆடாது. பக்கவாட்டில் ரேகைகளைக் கவனியுங்கள்: அவை வால்முனையை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். சிம்பு பெயர்ந்தால் பலகையை வால்முனை முன்னால் வரும்படி திருப்பி ஊட்டுங்கள்.

பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல், இயந்திரத்தின் பக்கவாட்டில் நில்லுங்கள். எகிறினால் மரம் பின்னோக்கித்தான் வரும். தொடக்கத்தில் அழுத்தம் முன்மேசையில். ஒரு சாண் அளவு மறுபக்கம் போனதும் இடக்கையைத் தூக்கிப் பின்மேசைப் பக்கம் வையுங்கள், அதன்பிறகு அழுத்தம் முழுவதும் அங்கேதான். உருளைக்கு மேல் கை ஊர்ந்து போகக் கூடாது.

தள்ளுவதற்கு, பலகையின் வால்முனையில் மாட்டும்படி அடியில் குதிகால் வைத்த மரக்கட்டையை நீங்களே செய்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் ரப்பர் தட்டுகளை நான் நம்புவதில்லை. தூள் படிந்தால் வழுக்குகின்றன. 30 செ.மீ.க்குக் குட்டையான துண்டை இதில் வைக்கவே வேண்டாம். இழைப்புளி எதற்கு இருக்கிறது?

பின்சேர்க்கை: ஓடும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். உடனே சுவிட்சை அணையுங்கள். சாதாரண சுவிட்சாக இருந்தால் மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும், அப்போது உங்கள் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் டி.ஓ.எல். (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டேன், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அது அசையாது.

இன்னொருவர், எட்டு அங்குல அகலப் பலகைக்காகக் காப்பு மூடியைக் கழற்றலாமா என்றார். கூடாது. நடுவில் கிழித்து, இரண்டையும் இழைத்து, ஒட்டிவிடுங்கள். என் சாப்பாட்டு மேசை அப்படிச் செய்ததுதான். ஒட்டுக் கோட்டை நான் காட்டினால்தான் தெரியும்.