பிவிசி பேனலை கிளிப் போட்டு மாட்டுவது எப்படி?

காட்பாடியில் எங்கள் வீட்டு ஹால் சுவர் மேற்கு வெயிலை அப்படியே வாங்கும். மார்கழியில் அதில் பத்தடி பிவிசி பேனல் மாட்டினேன். ஆடாமல் அசையாமல் நிற்கட்டும் என்று இறுக்கித் திருகினேன். கத்திரி வெயில் வந்ததும் நடுவில் தொப்பை போட்டுவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி, கிளிப் போட்டு மறுபடி மாட்டிய கதைதான் இது.

முதலில் ஜிஐ சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) சுவரில் குறுக்குவாட்டில், இரண்டடிக்கு ஒன்றாக அடியுங்கள். மர ரீப்பரும் (மெல்லிய மரச்சட்டம்) போடலாம், ஆனால் கரையானுக்குச் சோறு போட எனக்கு விருப்பமில்லை. மூலையில் பீடிங் (பேனலின் ஓரத்தைச் செருகும் பள்ளமுள்ள பட்டை) வைத்து, முதல் பேனலை அதற்குள் நெட்டாகச் செருகி, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். அது சாய்ந்தால் கடைசிவரை எல்லாம் சாயும்.

இனி கிளிப். பேனலின் ஒரு ஓரத்தில் மெல்லிய உதடு நீண்டிருக்கும். கிளிப்பின் நாக்கு அந்த உதட்டைக் கவ்வ வேண்டும். ஸ்க்ரூ கிளிப்பின் துளை வழியாகச் சேனலுக்குள் இறங்க வேண்டும். பேனலைத் தொடவே கூடாது. நான் உதட்டிலேயே ஓட்டை போட்டுத் திருகியதுதான் தப்பு. 20 டிகிரி சூடு ஏறினால் பத்தடி பேனல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லை என்றால் முன்பக்கம் உப்பத்தானே செய்யும்? அதனால் பேனலை 6 மில்லிமீட்டர் குறைத்தே வெட்டுங்கள். கீழ் பீடிங்கில் உட்காரட்டும். மேலே இருக்கும் இடைவெளியை மேல் பீடிங் மறைத்துவிடும். சேனலுக்கு ஒரு கிளிப் போட்டபின் பேனலை மேலே தள்ளிப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் சரி. அடுத்த பேனலின் ஓரம் இந்த உதட்டின் மேல் உட்கார்ந்து கிளிப்பை மறைத்துவிடும்.

இங்கே டிரில்லை ஓரமாக வைத்துவிட்டு, கைத் திருப்புளியால் முடுக்குங்கள். டிரில் கொஞ்சம் அதிகமாகச் சுற்றினாலும் நாக்கு வளைந்து உதட்டை நசுக்கிவிடும். வெட்டுவதற்கும் ஹேக்ஸா பிளேடுதான். கிரைண்டர் சூட்டில் ஓரம் உருகுகிறது.

கடைசி பேனலை மீதி அகலத்துக்கு வெட்டி, வில் மாதிரி லேசாக வளைத்து இரண்டு பக்கமும் நுழைத்துவிடலாம். அதற்கு கிளிப் வேண்டாம்.

அப்புறம் சேர்த்தது: இதைப் படித்து வேலை செய்த ஆற்காடு நண்பர், இரண்டு பேனலுக்கு நடுவே சந்து தெரிகிறது என்றார். போய்ப் பார்த்தால், உருண்டைத் தலை ஸ்க்ரூ. தலை துருத்திக்கொண்டு அடுத்த பேனலை உட்காரவிடவில்லை. தட்டைத் தலை போட்டதும் சந்து மூடிக்கொண்டது. அடுப்புக்குப் பின்னாலும் இதையே மாட்டலாமா என்று கேட்டார். வேண்டாம், அங்கே டைல்ஸ் போடுங்கள். அடுப்புச் சூட்டில் பிவிசி இளகிவிடும்.