பனிமூட்டத்தைப் பார்த்து இடம் எடுக்காதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் வாக்கில், கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்களின் தீசிஸ், அதாவது ஓர் இடத்தைத் தேர்ந்து கட்டடம் வடிவமைக்கும் இறுதித் திட்டம், அதன் முதல் ரிவ்யூவுக்கு ஜூரியாக, அதாவது மதிப்பிடுபவராகப் போகிறேன். சுவரில் ஒட்டிய தாள்களில் இரண்டிலாவது ஏற்காடு இருக்கும். பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்கள், கீழே இரவில் மின்னும் சேலம். தலைப்பு பெரும்பாலும் சொகுசு விடுதி அல்லது தியான மையம். இந்த இடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், "வியூ நன்றாக இருக்கிறது சார்" என்று பதில் வரும்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்காட்டின் காட்சி முனையான லேடீஸ் சீட்டில் போய் நிற்கிற எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்சி பக்கத்து மனைக்கும் அதற்கடுத்த மனைக்கும் பொது. நீங்கள் எடுத்த மனைக்கு மட்டும் உரியது என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால் பலருக்கு வாய் அடைத்துவிடுகிறது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் அதே தவறைச் செய்தவன். என் தீசிஸுக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டச் சரிவைத்தான் எடுத்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி, மென்பொருளில் கொடுத்து ஒரு மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், வரைந்துகொண்டேன். சீவிவிட்ட கூந்தல்போல அழகாக வந்தன. ஜூரியில் ஒருவர் என் தாளிலேயே இருந்த புகைப்படம் ஒன்றைக் காட்டி, "இங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கல்கட்டு தெரிகிறதே, வரைபடத்தில் எங்கே?" என்றார். சரிவில் மண்ணைத் தாங்கக் கட்டிய கல்சுவர் அது. வரைபடத்தில் அந்த இடம் வழுவழுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்கட்டின் மேல்தான் என் வரவேற்புக் கூடம் நின்றது.

நடந்தது என்ன? இலவசமாகக் கிடைக்கும் அந்த உயரத் தரவில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. நடுவிலுள்ள கோடுகளெல்லாம் மென்பொருளின் ஊகம். அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் தரையின் உயரத்தோடு மரமுடியின் உயரமும் கலந்து பதிவாகிவிடும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும் இதற்கு மாற்று அல்ல. அதில் 100 மீட்டர் மனை வெறும் 2 மில்லிமீட்டர். ஊரையும் ஓடையையும் மலையையும் புரிந்துகொள்ள இவை போதும். படிக்கட்டு வைக்கப் போதாது. நான்குக்கு ஒன்று என்ற சரிவில் 20 மீட்டர் உள்ளே போனால் 5 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள், அதாவது ஒன்றரை மாடிக்கும் மேல். இதில் ஒரு மீட்டர் பிழை வந்தால் உங்கள் தரைத்தளம் மண்ணுக்குள் போய்விடும்.

மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு கொத்தனாரையும், மட்டம் பார்க்கும் 20 மீட்டர் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலையும் கூட்டிக்கொண்டு மீண்டும் மலை ஏறினேன். ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். நகராத ஒரு கல்லில் பெயிண்டால் குறி வைத்து அதைப் பூஜ்யம் என்று கொள்ள வேண்டும். பிறகு ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று அளவுகோலில் நீர்மட்டத்தைப் படிக்க வேண்டியதுதான். ஓர் ஏக்கரை 10 மீட்டர் கட்டமாகப் பிரித்தால் நாற்பது புள்ளிகள் வரும். இருவருக்கு ஒரு பகல் வேலை. கட்டம் எங்கே விழுந்தாலும் சரி, கல்கட்டின் தலையையும் அடியையும் தனியாக அளந்துவிடுங்கள். கொத்தனார் அன்று போகிற போக்கில், "தம்பி, இந்தக் கட்டு பழையது, பின்னாலே தண்ணீர் இறங்குகிறது, இதன் மேல் எதையும் ஏற்றாதே" என்றார். என் கட்டடம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. திட்டத்தில் உருப்படியாக இருந்த ஒரே முடிவு அதுதான்.

மலை என்றால் சட்டமும் வேறு. 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் ஏற்காட்டு மலைக்கிராமங்கள் வருகின்றன. அங்கே கட்டுவதற்கு வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் தேவைப்படும். "தீசிஸ்தானே சார், யார் அனுமதி கேட்கப்போகிறார்கள்?" என்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் விதியை மீற வேண்டுமென்றால் தெரிந்து மீறுங்கள், காரணத்தைத் தாளில் எழுதுங்கள். தெரியாமல் மீறியதை ஜூரி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

சமவெளியிலும் இதே கதைதான். சர்வே எண் தெரிந்தால், நிலத்தின் வகையையும் பரப்பையும் சொல்லும் அ-பதிவேட்டையும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். மனையின் குறுக்கே காய்ந்த பள்ளம்போல் தெரிவது பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும். அதைத் தூர்த்துப் பூங்கா போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பரப்பிலும் கவனம் தேவை. தோட்டக்காரர் ஏக்கர், சென்ட் என்று சொல்வார், பட்டாவில் ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) என்று இருக்கும், நீங்கள் சதுர மீட்டரில் வரைவீர்கள். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மாற்றும்போது ஒரு புள்ளி தவறி, 2 ஏக்கர் மனையை 20 ஏக்கராக்கி அதில் ஹெலிபேடு வரைந்த மாணவர் உண்டு.

பொருள் எப்படி வந்து சேரும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 24 மீட்டர் இரும்பு உத்திரம் ஒரே துண்டாக அந்த வளைவுகளில் திரும்பாது. துண்டுகளாக ஏற்றி மேலே இணைக்க வேண்டும் என்றால் அதற்கொரு சமதளம் வேண்டும், அது உங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டை விட்டால் அடுத்த கவர்ச்சி சேலம் சூரமங்கலம் பக்கத்து வெள்ளைக்கல் பள்ளங்கள். மேக்னசைட் வெட்டியெடுத்த குழிகள், வெள்ளை மேடுகள், நடுவே பச்சைத் தண்ணீர். புகைப்படத்தில் வேறு கிரகம்போல் இருக்கும். அந்த மேடுகள் கொட்டிவைத்த கழிவு மண், இயற்கைத் தரை அல்ல. குத்தகை யாரிடம், உள்ளே போக அனுமதி கிடைக்குமா என்பது தெரியாமல் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள்.

நான் அதிகம் பார்க்கிற தவறு வேறொன்று. திறந்து கிடப்பதைக் காலி என்று எழுதிவிடுவது. சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறி நெசவாளர் மையம் வடிவமைக்க ஒரு மாணவி வந்தார். நெருக்கமான தெருக்களுக்கு நடுவே நீளமாக ஒரு வெற்றிடம் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. 'பயன்பாடற்ற நிலம்' என்று குறித்து, அதன் மேல் கட்டடத்தை நிரப்பியிருந்தார். அது பாவடி. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை, அதாவது துணியின் நெடுக்கில் ஓடும் நூலை, முழு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் வெளி. சேலத்து நெசவுத் தெருக்கள் அதைச் சுற்றித்தான் வளர்ந்தன. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

மறுவாரம் படங்களோடு வந்தார். மூங்கில் கவைகளின் மேல் இடுப்புயரத்தில் நீண்டு ஓடும் பாவு, இரண்டு பக்கமும் நடந்தபடி நூலை நீவிவிடும் இருவர், குனிந்து அடியில் நுழைந்து பள்ளிக்குப் போகும் ஒரு சிறுவன். ஒன்பது மணிப் படத்தில் இவை எதுவும் இல்லை. நான்கு ஸ்கூட்டர்கள் நின்றன. அவர் முதலில் போயிருந்தது பதினொரு மணிக்கு! இறுதியில் பாவடியைத் தொடாமல், அதை ஒட்டிய பழைய நூல் கிடங்கை மனையாக எடுத்துக்கொண்டார். பரப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, திட்டம் சரியானது.

மணிக்கு உள்ளது மாதத்துக்கும் உண்டு. டிசம்பரில் இடம் எடுத்து மே மாதத்தில் முடிக்கிறவர் ஆடியைப் பார்ப்பதே இல்லை. கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி மனை எடுத்தவர் ஆடித் திருவிழாக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எப்படி? டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவர் நிழலில் இருக்கும். அதை நம்பி வடக்கே பெரிய கண்ணாடி வைப்பார்கள். சேலம் ஏறத்தாழ 11.6 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். இதைப் படத்தில் கணக்கிட்டுவிடலாம். மழைநீர் எங்கே தேங்கும், லாரி எப்போது வரும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் தொலைவு முக்கியமாகிறது. சேலத்தில் படித்துக்கொண்டு லடாக்கில் மடாலயம் வடிவமைக்கிறேன் என்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை. எத்தனை முறை போவீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். முதல் ரிவ்யூவுக்கு இரண்டு மனைகளோடு வாருங்கள், அதில் ஒன்றாவது டவுன் பஸ்ஸில் போய்வரக் கூடியதாக இருக்கட்டும். கல்லூரிக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை காவலாளி அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இரண்டாம் முறை ஆளைப் பார்த்தே கேட்டைத் திறப்பார். மூன்றாம் முறை, ஐப்பசியில் தண்ணீர் எந்த மூலையில் நிற்கும் என்று அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.