கொரிய நண்பருக்கு 'கிவ் இன்' சொல்லிக்கொடுப்பது எப்படி

கொரிய மொழி பேசுகிறவருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறீர்களா? 'கிவ் இன்' (give in, நெருக்கலுக்கு இறங்கி வருவது) வரும்போது அகராதியை மட்டும் நம்பாதீர்கள். அதில் 'குல்போக்ஹாதா' என்று இருக்கும். தப்பில்லைதான், ஆனால் அது மிரட்டலுக்குப் பணிந்து மண்டியிடுவதைச் சொல்லும் கனத்த சொல். நாய்க்குட்டி கேட்டு மூன்று நாள் அழுத பிள்ளையிடம் நாலாம் நாள் "சரி, வாங்கித் தரேன்" என்கிற அப்பா அப்படியா மண்டியிட்டார்? ஆங்கிலத்தில் அவர் செய்ததும் 'கிவ் இன்'தான்.

அதனால் அந்த அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள். 'ஜாசிக் இகிநுன் புமோ ஒப்தா' என்று கொரியாவில் ஒரு பழமொழி உண்டு, பிள்ளையை ஜெயிக்கிற பெற்றோர் கிடையாது என்று பொருள். அப்பா செய்ததை அவர்கள் 'ஜோ ஜுதா' என்பார்கள்: 'ஜிதா' தோற்பது, 'ஜுதா' கொடுப்பது, சேர்த்தால் தோற்றுக்கொடுப்பது. நம் விட்டுக்கொடுப்பதிலும் 'கொடு' இருக்கிறது, ஆங்கிலத்திலும் 'கிவ்' இருக்கிறது, மூன்று மொழிகளும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 'மை டாட் ஃபைனலி கேவ் இன்' என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ஆனால் 'ஜோ ஜுதா'வில் அன்பு கலந்திருக்கும், வேண்டுமென்றே தோற்பது அது. 'கிவ் இன்'னில் அன்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. டயட்டில் இருப்பவர் ராத்திரி பதினொரு மணிக்கு ராம்யோன் (கொரிய இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்) கொதிக்க வைத்தால் 'ஐ கேவ் இன் டு டெம்ப்டேஷன்'. கொரிய மொழியில் இது 'யுஹோகே நோமோகாதா'. அந்த 'யுஹோக்' (சபலம்) என்ற சொல்லின் வாலில் 'ஏ' ஒட்டியிருக்கிறதே, அதுதான் ஆங்கில 'டு'. ஆளாக இருந்தால் 'ஏகே' வரும், ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் 'டு' ஒன்றே போதும், ஆனால் பெயருக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் வந்து நிற்கும். 'கிவ் இன் ஹிம்' என்று 'டு'வை விட்டுவிட்டால் உடனே திருத்துங்கள்.

அப்புறம் 'கிவ் அப்'. அது 'போகிஹாதா', நம் முயற்சியை நாமே கைவிடுவது. 'கிவ் இன்'னுக்கு எதிரில் யாரோ எதுவோ நெருக்க வேண்டும், பிள்ளையின் அழுகையோ, ராம்யோன் வாசனையோ. மலையேறும்போது கால் வலித்துப் பாதியில் திரும்பினால் 'கேவ் அப்', நண்பர்கள் நச்சரித்து உங்களை மலைக்கு இழுத்துப் போனால் 'கேவ் இன்'.

இன்னொரு சிக்கல் 'யாங்போ'. விட்டுக்கொடுப்பதற்கு அவர்களின் அன்றாடச் சொல் இது, சாலையில் வழிவிடச் சொல்லும் பலகையிலும் இதுதான் எழுதியிருக்கும். சியோல் மெட்ரோவில் பாட்டிக்கு எழுந்து இடம் கொடுத்தவர் அதே நினைப்பில் 'ஐ கேவ் இன் மை சீட்' என்பார். அங்கே வர வேண்டியது 'கேவ் அப் மை சீட்', சாலையில் என்றால் 'கிவ் வே' அல்லது 'யீல்ட்'.

உச்சரிப்பு: கொரிய மொழியில் 'வி' ஒலி கிடையாது, 'கிப் இன்' மாதிரி வரும். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டுங்கள். இரண்டு சொல்லையும் ஒட்டி 'கிவின்' என்று, அழுத்தம் 'இன்'னில் விழும்படி.

கடைசியாக, இந்த வாரம் யாருக்கு, எதற்கு இறங்கி வந்தீர்கள் என்று கேட்டு மூன்று வாக்கியம் சொல்ல வையுங்கள், முதல் நாள் 'டு'வை மட்டும் திருத்தினால் போதும்.