பழைய கல்லூரிப் பத்திரிகைகளில் ‘விக்டோரியன்’ என்ற சொல்லைத் தேடுவது எப்படி

என் பெரியம்மா ஒருவரை “சுத்தக் கர்நாடகம்” என்றால், அவர் பழைய பழக்கத்தை விடாத ஆள் என்று பொருள். ஊர்ப் பெயர் அங்கே வசவாகிவிட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர் பத்திரிகைகளில் ‘விக்டோரியன்’ என்ற சொல்லுக்கும் இதுதான் நடந்தது. பிரிட்டனை விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தின் பெயர் எப்போது ஒரு குறையாக மாறியது என்று பார்க்க எனக்கு அத்தனை ஆசை. அதற்காக இரவுச் சாப்பாடு முடிந்ததும் பழைய இதழ்களோடு உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் ஒரே ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் ‘கார்னெல் டெய்லி சன்’. 1880-இல் தொடங்கியது, பழைய இதழ்களைக் கார்னெல் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே தேடலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1870களிலிருந்தே பெண்களும் படித்தார்கள். ஆண் பெண் பழக்கம் பற்றிய சண்டைகளில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்கும் என்பதால், அது நமக்கு முக்கியம். ஆண்கள் மட்டும் படித்த ஹார்வர்டின் ‘கிரிம்சன்’ (1873-இல் ‘மெஜந்தா’ என்ற பெயரில் பிறந்தது) அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

தேடும்போது ‘விக்டோரியா’ என்று போடாதீர்கள். கனடாவின் விக்டோரியா நகரமும் விக்டோரியா சிலுவை விருதும் வந்து குவியும். முழுச் சொல்லையும் போடுங்கள். பிறகு, பின்பாதியான ‘டோரியன்’ என்பதைத் தனியாக ஒருமுறை தேடுங்கள். பத்திகள் ஒடுக்கமானவை, சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் இயந்திரம் அதை இரண்டு சொல்லாகப் படித்திருக்கும். ‘மிட்-விக்டோரியன்’ (அந்த ஆட்சியின் நடுக்காலத்தைச் சேர்ந்தது) என்பதைத் தனித் தேடலாகவே வைத்துக்கொள்ளுங்கள். வசவாகப் பெரும்பாலும் வருவது அதுதான்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுகிறேன்: தேதி, எழுதியது தலையங்கமா, வாசகர் கடிதமா, சொற்பொழிவு அறிவிப்பா என்பது, அந்தச் சொல்லுக்கு அடுத்து நிற்கும் பெயர்ச்சொல். மூன்றாவதுதான் உயிர். 1890களில் பக்கத்தில் நிற்பவை கவிதை, உரைநடை, நாவல். ஸ்டெட்மன் என்ற விமர்சகர் 1875-இல் எழுதிய நூலின் தலைப்பே ‘விக்டோரியன் கவிஞர்கள்’. அரசி அப்போது உயிரோடு இருந்தார். அந்த மாணவர்களுக்கு அது கடந்த காலமே இல்லை, தாங்கள் வாழ்கிற காலம். இதை மறந்துவிட்டு இன்றைய பொருளோடு படித்தால், பாராட்டைக் கேலி என்று எடுத்துக்கொள்வோம். நானும் ஒரு மாதம் அப்படித்தான் தவறாகக் குறித்துவைத்து, எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன்.

1918-இல் லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கில எழுத்தாளர் விக்டோரியா காலத்துப் பெரிய மனிதர்கள் நால்வரின் பெருமையைக் கலைத்து எழுதிய நூல் வந்தது. முதல் உலகப்போரும் அதே ஆண்டு முடிந்தது. 1920களின் இதழ்களில் பக்கத்துச் சொற்கள் மாறிவிடும்: ஒழுக்கம், விதி, அத்தை, வெட்கம். நடனத்துக்குக் காவலாகப் பெரியவர்கள் வர வேண்டுமா, பெண்கள் புகைபிடிக்கலாமா என்ற விவாதங்களில் தேடுங்கள். 1960களில் விடுதியில் விருந்தினர் நேரம் பற்றிய சண்டையில் மறுபடி தலைகாட்டும். பழைய வீடுகளைக் காப்பாற்றும் பேச்சு வரும்போது கூரையும் தாழ்வாரமும் பக்கத்தில் வந்து, சொல் மரியாதையை மீட்டுக்கொள்ளும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பத்திரிகை பெரிதாகப் பெரிதாக எல்லாச் சொல்லும் கூடும். அதே பத்தாண்டில் ‘எலிசபெத்தன்’ (முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தைக் குறிக்கும் சொல்) எத்தனை முறை வருகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைப் பெரும்பாலும் நாடகத்தோடுதான் பார்த்திருக்கிறேன், அதனால் நல்ல அளவுகோல். இன்னொன்று, மாணவர் பத்திரிகைகள் ஒன்றின் நகைச்சுவையை மற்றொன்று எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரே துணுக்கு மூன்று கல்லூரிகளில் கிடைத்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

கார்னெல் தளத்தில் இயந்திரம் தப்பாகப் படித்த வரியை நாமே திருத்தலாம். உடைந்த ‘விக்டோரியன்’ கண்ணில் பட்டால் உடனே சேர்த்து எழுதிவிடுங்கள். அடுத்துத் தேடுகிறவருக்கு அது நேராகக் கிடைக்கும்.