மண்டி கணினிக்கு விண்டோஸ் அப்டேட்: எது தானாக, எது உங்கள் கையால்?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் மண்டியில் பில் போடும் கணினிக்கு ஓய்வே கிடையாது. லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்று திரை வந்தால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தில் அப்டேட்டையே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

2017 மே மாதம் வானாகிரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் தானாகவே இறங்கி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதனால் என் கருத்து இதுதான்: பாதுகாப்பு அப்டேட் தானாக வரட்டும், எந்தக் கணினியில் முதலில், எந்த நேரத்தில் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இனி விண்டோஸ் 11-ல் செய்ய வேண்டியது.

படி 1. செட்டிங்ஸ் திறந்து, இடதுபக்கம் கடைசியில் இருக்கும் விண்டோஸ் அப்டேட்டை அழுத்துங்கள். ‘கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ்’ என்று தொடங்கும் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பாதுகாப்பு அப்டேட் இதனால் நிற்காது. மற்றவர்களுக்கு முன்னால் புது வசதிகள் உங்களுக்கு வருவது மட்டும் நிற்கும்.

படி 2. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆக்டிவ் அவர்ஸ் இருக்கும். அதை ‘மேனுவலி’ என்று மாற்றி, காலை 6 முதல் இரவு 11 வரை வையுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். அந்த நேரத்துக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதே பக்கத்தில் ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் சுவிட்சையும் ஆன் செய்யுங்கள்.

படி 3. இதுதான் முக்கியம். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவில் வெளியாகும். இரண்டு கணினி இருந்தால், கணக்கு எழுதும் கணினிக்கு முதலில் வரட்டும். பில் போடும் கணினியில் அன்று காலையே ‘பாஸ் அப்டேட்ஸ்’ அழுத்தி ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் முதல் கணினியில் பில் பிரின்டரும் டேலி கணக்கு மென்பொருளும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பாருங்கள். சரி என்றால் ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். ஐந்து வாரம் வரை தள்ள இடமுண்டு, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஒரே கணினிதான் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மண்டி சாத்தியபின் போடுங்கள்.

படி 4. போடும் முன் டேலி டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்துத் தனியாக வையுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளாக அது இருக்க வேண்டாம். யுபிஎஸ் பேட்டரியையும் ஒருமுறை சோதியுங்கள். அப்டேட் பாதியில் கரன்ட் போனால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

ஆப்ஷனல் அப்டேட்ஸில் வரும் டிரைவர்களை (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள்கள்), பிரின்டர் தகராறு செய்தால் ஒழியத் தொடாதீர்கள். ஓடுகிற பிரின்டர் ஓடட்டும்.

படி 5. அப்டேட்டுக்குப் பின் ஏதாவது கெட்டுப்போனால், அப்டேட் ஹிஸ்டரி, அப்புறம் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசித் தேதியிட்டதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, உடனே ஒரு வாரம் பாஸ் போடுங்கள். இல்லாவிட்டால் அதே அப்டேட் அன்றிரவே திரும்ப ஏறிவிடலாம்.