ஆஃப்ரோடு டயர் ஏற்றுமதி: சைடுவாலில் இருப்பதை முழுதாகப் படியுங்கள்

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகள் அதிகம். அங்கிருந்து மாமாவோ மச்சானோ "265/70ஆர்17, ஒரு கன்டெய்னர் வேணும், விலை சொல்லு" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள். புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர்கள் உடனே கம்பெனியில் விலை கேட்டுச் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஒரு வரி அளவுக்குள் வேறு வேறு டயர்கள் இருக்கின்றன.

முதலில் அளவு

சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், எல்டி265/70ஆர்17 121/118எஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்டி என்றால் லைட் டிரக், பாரம் ஏற்றும் சிறு வண்டிக்கான டயர். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் சைடுவாலின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் நூல் அடுக்குகள் நேர்குறுக்காக ஓடும் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

மொத்த உயரத்தை நீங்களே கணக்குப் போடலாம். மேலும் கீழும் இரண்டு சைடுவால், 371 மி.மீ. ரிம் 431.8 மி.மீ. கூட்டினால் 802.8, ஏறக்குறைய 31.6 அங்குலம். சிலர் 31x10.50ஆர்15 என்று கேட்பார்கள். அதில் முதல் எண்ணே மொத்த உயரம், அடுத்தது அகலம், இரண்டும் அங்குலத்தில். உயரமும் அகலமும் முந்தைய டயரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனாலும் இதன் ரிம் 15. ஒன்றுக்குப் பதில் மற்றதை அனுப்ப முடியாது.

அடுத்து லோடு

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 121 என்ற லோடு இண்டெக்ஸுக்கு ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். 118 என்பது ஒரே பக்கம் இரட்டை டயராகப் போடும்போது, ஒவ்வொன்றும் 1320 கிலோ. எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கி.மீ. வரை.

இதே 265/70ஆர்17 அளவில், முன்னால் எல்டி இல்லாமல் 115டி என்றும் டயர் வரும். அது தாங்குவது 1215 கிலோ. டயருக்கு 235 கிலோ குறைவு, நான்குக்கும் சேர்த்து 940 கிலோ. குடும்பத்தோடு ஊர் சுற்றும் காருக்கு இது போதும். சிமென்ட் மூட்டை ஏற்றி மேடு பள்ளத்தில் ஓடும் பிக்கப்புக்கு ஆகாது, ஆபத்து. விலையும் ஒன்றில்லை. அதனால் என்ன வண்டி, என்ன ஏற்றுவார்கள் என்று கேட்ட பிறகே விலை சொல்லுங்கள்.

லோடு ரேஞ்ச் இ என்று இருந்தால் 10 பிளை ரேட்டிங். உள்ளே உண்மையில் 10 அடுக்கு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது பலத்தைக் குறிக்கும் எண் மட்டுமே.

பட்டன்

பட்டன் என்பது தரையைத் தொடும் பகுதியின் கட்டை வடிவம். ஏடி எல்லா நிலத்துக்கும், எம்டி சேற்றுக்கு, எச்டி தார்ச் சாலைக்கு. முரட்டுப் பட்டன்தான் உசத்தி என்ற எண்ணம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. தனுஷ்கோடி மணலை நினைத்துப் பாருங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வரும் முன், ஜீப்பும் வேனும் மணலிலும் தண்ணீரிலும்தான் போய் வந்தன. மணலில் டயர் பரந்து உட்கார வேண்டும், அதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும். எம்டியின் பெரிய கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். பாலைவன வாடிக்கையாளர் எம்டி கேட்டால், எங்கே ஓட்டுவார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிராக்டர், லோடர்

12.4-28 என்று நடுவே கோடு இருந்தால் நம் கடைகளில் நைலான் டயர் என்கிறோமே, அது. 12.4ஆர்28 என்றால் ரேடியல். அதையே 320/85ஆர்28 என்றும் எழுதுவார்கள். ஆர்1 சாதாரண உழவுக்கு, ஆர்2 தண்ணீர் நிற்கும் வயலுக்கு. ஆர்1, ஆர்2இல் வரும் ஆர் என்பது பட்டன் வகை, ரேடியலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லோடர் டயரில் எல்3 என்றால் பாறை நிலத்துக்கு. டிடி என்றால் ட்யூபோடு, டிஎல் என்றால் ட்யூப்லெஸ். விலையில் ட்யூபும், ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் பிளாப்பும் சேருமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேதி, பேப்பர்

டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் தயாரிப்பு தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம். பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே இதைத்தான். ஐரோப்பாவுக்கு என்றால் வட்டத்துக்குள் இ முத்திரை, அதாவது அங்கே விற்க ஏற்கப்பட்ட தரம் என்ற அடையாளம், வேண்டும்.

உங்களுக்கு ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் எண், அவசியம். புது டயருக்கு எச்எஸ் கோடு, அதாவது கஸ்டம்ஸில் சரக்கை வகைப்படுத்தும் எண், 4011இல் தொடங்கும். விவசாய டயர் 401170, கட்டுமானம், சுரங்க வேலைக்கானது 401180. பழைய டயரும் ரீட்ரெட் டயரும் 4012. பிக்கப் டயர் எந்த உட்பிரிவில் வரும் என்பதை கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்றுவது

சரக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் போகும். அதுவரை வெயிலும் உப்புக்காற்றும் படாமல், வெல்டிங் நடக்காத மூடிய குடோனில் வையுங்கள்.

40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னரில் சுமார் 76 கன மீட்டர் இடம். நாம் பார்த்த டயர் ஒன்று சுமார் 0.17 கன மீட்டர் பிடிக்கும். வகுத்துப் பார்த்தால் 440 சொச்சம் வரும், ஆனால் அப்படியே அடுக்கினால் நடுவே இடம் வீணாகி அவ்வளவு ஏறாது, சாய்த்துப் பின்னலாக அடுக்கினால் கூடும். எடை வரம்பு வருவதற்குள் இடம் நிறைந்துவிடும். அதற்காக ஒரு டயருக்குள் இன்னொன்றைத் திணிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிம்மோடு பொருந்தும் உள் விளிம்பான பீடு வளைந்தால், வாங்கியவர் போடும்போது ரிம்மில் உட்காராது.

சீல் வைக்கும் முன், ஒவ்வொரு ரகத்திலும் ஒரு டயரின் சைடுவாலைப் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். முன்கூட்டி அனுப்பிய விலைச்சீட்டான புரோஃபார்மா இன்வாய்ஸில் உள்ள வரியும் படத்தில் உள்ள வரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது என்று அவர் பதில் போட்ட பிறகு கதவைச் சாத்தலாம்.